கறிக்கடை வாக்கியங்கள்

ஊரார் தலையை நோண்டிச் சாப்பிடுகிறவள் என்று அக்கா அவளைக் கேலி செய்வாள். அக்கா சொன்னதில் பிழையில்லை. பேச்சாய்வுக் கூடத்தில் பதினான்கு வருடமாக அவள் வேலை அதுதான். வருகிறவர் தலையில் கம்பிகள் தொங்கும் துணித்தொப்பியை மாட்டி, ஒவ்வொரு துளையிலும் முனை மழுங்கிய ஊசியை விட்டு, மயிரை விலக்கி, தோலைச் சுரண்டிப் பசையை நிரப்ப வேண்டும். அறுபத்து நான்கு துளைகள். பொடுகு, எண்ணெய்ப் பிசுக்கு, ஆறாத புண், மூன்று நாள் வியர்வை எல்லாம் அவள் நகத்தடிக்கு வந்து சேரும். கூடத்தில் அவளுக்குப் பெயர் பசையம்மா. அந்தப் பெயரைக் கேட்டாலே குமட்டும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டியிருக்கும்.

தொப்பி போட்டவர் காதில் வாக்கியங்கள் ஒலிக்கும். பாதி ஒழுங்காக முடியும். மீதி கடைசிச் சொல்லில் அபத்தமாக முடியும், 'நூலகர் அட்டையில் புத்தகத்தின் பெயரை வறுத்தார்' என்பது போல. பேச்சுப் புரிகிற மூளைக்கு அந்த 'வறுத்தார்' தொண்டையில் மாட்டிய முள். சொல் விழுந்த அரை நொடிக்குள், மூளையின் மின்னலையைக் காட்டும் திரையில் கோடு இறங்கி ஏறும். ஒரு வாக்கியத்தில் அது தெரியாது. கண் சிமிட்டல், தாடை அசைவு என்று ஆயிரம் குப்பை மூடிவிடும். அறுபது எழுபது வாக்கியங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் மேலே வரும்.

வாக்கியங்களைக் கூடத்தின் தலைவரே எழுதி, செய்தி வாசிக்கிற குரலில் அவரே பேசிப் பதிந்திருந்தார். என்றோ கல்லூரி மாணவர்களுக்காகச் செய்தது. யார் வந்தாலும் அதுதான் ஓடும்.

அன்று சக்கர நாற்காலியில் வந்தவர் முப்பது வருடம் கறிக்கடை வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து நான்கு மாதம். பேச்சில்லை, அசைவில்லை, கண் மட்டும் திறந்து மூடியது. அவருக்குப் பேச்சுப் புரிகிறதா என்று பராமரிப்பு இல்லத்தார் கேட்டிருந்தார்கள். புரிந்தால் பயிற்சி அறையிலேயே இருப்பார். இல்லாவிட்டால் பின்கட்டுக் கூடம். அங்கே நாளுக்கு மூன்று தடவை புரட்டிப் போடுவார்கள், அவ்வளவுதான். அவள் ஒருமுறை அங்கே போயிருக்கிறாள். மூத்திர வாடையைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவள் பசை வைத்துக்கொண்டிருக்கும்போதே, கூட வந்திருந்த அவருடைய மருமகள் ஆரம்பித்தாள்.

"மரக்கட்டைக்குப் போய் ஒயர் மாட்டிக்கிட்டு. இவருக்கு என்ன தெரியப்போகுது?"

"விடு, ஒரு பேப்பர் குடுத்துட்டாங்கன்னா நமக்கு நிம்மதி," என்றான் மகன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லா இருந்தப்ப ஒரு நாள் வாயத் திறந்து நல்ல வார்த்தை சொன்னதில்ல. இப்ப அந்த வாயில எச்சி ஒழுகுது. பார்த்தா சோறு இறங்க மாட்டேங்குது."

அவள் பஞ்சை எடுத்து எச்சிலைத் துடைத்தாள். எச்சில் ஒன்றும் அவளை அருவருக்க வைக்கவில்லை.

வாக்கியங்கள் ஓடி முடிந்தன. கோடு இறங்கவில்லை. தலைவர் பேனாவைத் திறந்தார்.

"ஒண்ணும் வரல. புரியலன்னு எழுதிடலாம்."

"கோடு வரலன்னா புரியலன்னு அர்த்தமில்லன்னு நீங்கதான சார் சொல்வீங்க?"

"சொல்வேன். ஆனா கேக்கறவங்களுக்கு ஆமா, இல்லைதான வேணும்."

"இவர் நூலகத்து வாசப்படியவாவது மிதிச்சிருப்பாரா சார்?"

"எல்லாருக்கும் ஒரே அளவுகோல்மா. ஆளுக்கு ஒண்ணு எழுத இது என்ன தையக்கடையா?"

"தையக்கடையிலயாவது அளவெடுப்பாங்க."

தலைவர் முகம் சிவந்தது. "வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவேன். அதுக்குள்ள என்ன வேணா பண்ணிக்கோங்க," என்றார்.

மறுநாள் சந்தையில் ஒரு கறிக்கடை முன்னால் நின்றாள். கொழுப்பு நாற்றமும் ஈயும் முகத்தில் அறைந்தன. ஓரமாய்ப் போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்ப வந்து நின்றாள். கடைக்காரரை வேலை முறையைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டாள். நூற்று இருபது வாக்கியங்களோடு அடுத்த நாளும் போனாள். அவர் பிசுபிசுத்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார்.

"'தோல உரிச்சு ஆணியில மாட்டினேன்.' சரி. 'கத்திய கல்லுல தேச்சுத் தேச்சுக் குடிச்சேன்.' ஏம்மா, உனக்கு உடம்புக்கு ஏதாவது?"

"இல்லண்ணே, அப்படியே படிங்க. சிரிக்கக் கூடாது."

"அப்ப எங்க வீட்டுக்காரியக் கூப்பிடு. அவ கல்யாணத்தன்னிக்கே சிரிக்கல."

கடைசியில் அவரே படித்தார், அவள் பதிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை அந்தக் குரல் சக்கர நாற்காலியில் இருந்த பழைய கறிக்கடைக்காரர் காதில் ஓடியது. அவள் சராசரி எடுத்தாள். அபத்த வாக்கியங்களின் கோடு தனியாகப் பிரிந்து இறங்கியது. ஆழம் அதிகமில்லை, ஆனாலும் இறக்கம்தான். பசை வழிந்து இரண்டு துளைகள் ஒட்டிக்கொண்டனவா என்று பார்த்தாள். இமை துடித்த இடங்களை நீக்கிவிட்டு மறுபடியும் எடுத்தாள். அப்போதும் இறங்கியது.

தலைவர் திரையையே நெடுநேரம் பார்த்தார். "அப்ப முன்னாடி வந்த பதினோரு பேர்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

'புரியவில்லை' என்று எழுதிப் பின்கட்டுக்கு அனுப்பிய அந்தப் பதினோரு தலைகளுக்கும் பசை வைத்தவள் அவள்தான். ஒருத்தருக்காகக்கூட வாயைத் திறந்ததில்லை. தன் கைகளைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

"அவங்களையும் திரும்பக் கூப்பிடணும் சார்."

"பாக்கலாம்," என்றார். இந்தத் தாளில் மட்டும் 'புரிந்துகொள்வதற்கான அறிகுறி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கறிக்கடைக்காரர் பயிற்சி அறையிலேயே இருப்பார்.

நடைவழியில் மகனிடம் தாளைக் கொடுத்தாள். இரண்டு தடவை படித்தவன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"எப்பலேருந்து புரியுது?"

"அது தெரியாது. முதல்லேருந்தேகூட இருக்கலாம்."

மருமகள் அவன் சட்டைக்கையைப் பிடித்தாள். "அப்ப அன்னிக்கு நாம..."

"வாய மூடு." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தாளைக் கொடுத்தவளிடம் திரும்பினான். "மேடம், நீங்களே போய்ச் சொல்லிடுங்களேன். தெரியாம பேசிட்டோம்னு. நீங்க சொன்னா எடுபடும்."

இதையும் அடுத்தவர் தலையில் கட்டப் பார்க்கிறான்.

"உங்க அப்பாவுக்குக் காது நல்லாக் கேக்குது," என்றாள். "உள்ள போய் நீங்களே சொல்லுங்க."

அவன் கதவருகே வரை போனான். கைப்பிடியில் கை வைத்தான். உள்ளே போகாமல், தொண்டையைச் செருமிக்கொண்டு அங்கேயே நின்றான்.