பந்துக்கும் கட்டைவிரலுக்கும் இடையில்

மாலை ஐந்து மணிக்கு நான் ஸ்கூடாயில் என் கணினி முன்னால் உட்காருவேன். அதே ஐந்து மணிக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பெக்கோக்கில் என் மச்சான் அவருடைய தொலைக்காட்சி முன்னால் உட்காருவார். இருவரும் பிங்போங் விளையாடுவோம். மேசை, மட்டை, பந்து எல்லாம் திரையில். கையில் ஆளுக்கொரு கண்ட்ரோலர், காதில் ஆளுக்கொரு ஹெட்செட். நாளைக்கு ஐந்து ஆட்டம், ஆட்டத்துக்குப் பதினொரு புள்ளி.

மச்சான் என் மனைவியின் தம்பி. செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், தனியாக இருக்கிறார். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அவரைப் போய்ப் பார்க்க முடியாமல் போனபோது இந்த விளையாட்டைத் தொடங்கினோம். கட்டுப்பாடு போன பிறகும் விடவில்லை. நாள் முழுக்க அவர் வாயைத் திறப்பது அந்த நாற்பது நிமிடம்தான் என்று ஒருமுறை சொன்னார். என் நிலையும் பெரிதாக வேறில்லை. மனைவியோடு பேசுவது பெரும்பாலும் மருந்து வேளையைப் பற்றித்தான்.

ஒவ்வொரு நாளும் யார் எத்தனை ஆட்டம் ஜெயித்தோம் என்று நோட்டில் எழுதி வைப்பேன். முதல் இரண்டு வருடம் பத்துக்கு ஆறு எனக்கு, நான்கு அவருக்கு.

பிறகு மச்சானின் பழைய விளையாட்டுப் பெட்டி செத்துப்போனது. புதிது வாங்காமல் அவர் ஸ்ட்ரீமிங்கில் சேர்ந்துவிட்டார். அதாவது, விளையாட்டு வேறெங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் இருக்கிற கணினியில் ஓடும். படம் மட்டும் இணைய லைன் வழியாக அவர் தொலைக்காட்சிக்கு வரும். அவர் பொத்தானை அழுத்தினால் அந்த அழுத்தம் அங்கே போய்த் திரும்ப வேண்டும்.

நான் சிரித்தேன். “மச்சான், பந்து உங்க வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்துருவேன்.”

“சிரிங்க சிரிங்க. என் வீட்ல பெட்டியும் இல்ல, சூடும் இல்ல. உங்க பெட்டியில தோசை சுடலாம்லா.”

அந்த மாதத்திலிருந்து நான் தோற்கத் தொடங்கினேன். பத்துக்கு நான்கு. பிறகு மூன்று. பிறகு ஒன்று.

இது நியாயமே இல்லாத விஷயம். என் கணினியை நானே பாகம் பாகமாகத் தேர்ந்து கட்டினேன். நொடிக்கு நூற்றிருபது படம் காட்டும். அவருக்கோ செம்பனைத் தோட்டம் சூழ்ந்த ஊரில் வரும் லைன். அவர்தான் தாமதிக்க வேண்டும். ஆகவே என் இயந்திரத்தில்தான் எங்கோ கோளாறு என்று முடிவு செய்தேன்.

தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். குறை வந்தால் நிரப்ப வேண்டிய படிவத்தில் நான்கு பத்திகள் இருக்கும்: ஆள், இயந்திரம், பொருள், முறை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பின் இருபது தடவை சோதிக்க வேண்டும். அதே முறையில் ஆரம்பித்தேன். கைபேசியை முக்காலியில் நிறுத்தி, நொடிக்கு இருநூற்று நாற்பது படம் பிடிக்கும் மெதுவோட்டத்தில், என் கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி வைத்தேன். விரல் பொத்தானை அழுத்தியதிலிருந்து திரையில் மட்டை அசையும்வரை எத்தனை பிரேம் என்று எண்ணினேன். பதினாறு.

கேபிளை மாற்றினேன். பதினாறு. கண்ட்ரோலரை மாற்றினேன். பதினாறு. திரையை மாற்றினேன். பதினைந்து. கடைசியில் கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமென்று பல்கலைக்கழகச் சாலையில் இருக்கும் கடைக்குப் போனேன். முன்பு கண்ணாடி அலமாரி நிறைய கார்டு பெட்டிகள் இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறைகள் தொங்கின. கார்டு பெட்டிகள் நான்குதான். மாணவர்கள் இப்போது யாரும் வாங்குவதில்லை, எல்லாம் லைனிலேயே விளையாடுகிறார்கள் என்று கடை முதலாளி தவுக்கே கையை விரித்தார். நான்கில் ஒன்றை வாங்கிவந்து பொருத்தினேன். பதினான்கு.

அன்று மாலையும் ஐந்துக்கு ஐந்தும் தோற்றேன்.

வேறு வழியில்லாமல் நானும் ஒரு மாத ஸ்ட்ரீமிங் எடுத்துச் சோதித்தேன். இருபத்தைந்து பிரேம். அதாவது மச்சான் என்னைவிடப் பதினொரு பிரேம் பின்தங்கித்தான் ஆடுகிறார். பின்தங்கியே ஜெயிக்கிறார். நோட்டை மூடினேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் நான் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்று கேட்டாள்.

“ஏங்க, விரல் அமுக்குனதுக்கு அப்புறம் எண்ணுறீங்க. அமுக்குறதுக்கு முன்னாடி எண்ணுனீங்களா?”

“அதுல என்ன இருக்கு?”

“ஆளு இருக்கு. மொதப் பத்தி. மத்தவங்களுக்கெல்லாம் அதத்தானே மொதல்ல எழுதுவீங்க?”

அவள் அந்தத் தொழிற்சாலையில் சாலிடரிங் வரிசையில் இருந்தவள். ஒரு குறைப் படிவத்தில் ‘ஆள்’ பத்தியில் அவளுடைய ஊழியர் எண்ணை நான் எழுதினேன். கை தாமதம் என்று. அவளைப் பேக்கிங்கிற்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பெண் பார்க்கப் போனபோது, காப்பித் தட்டை நீட்டி, “கை தாமதம்தான், பார்த்து எடுங்க” என்றாள். நாற்பத்தோரு வருடமாக வீட்டில் இது வேடிக்கைப் பேச்சு. அன்று அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அதே படங்களை மறுபடி ஓட்டினேன். இம்முறை எதிராளியாக ஆடும் கணினியின் மட்டையில் பந்து பட்டதிலிருந்து என் கட்டைவிரல் அசையும்வரை எண்ணினேன். தொண்ணூற்றேழு. கணினி கட்டிய புதிதில் பெருமைக்காக எடுத்து வைத்திருந்த படம் ஒன்று கைபேசியில் கிடந்தது. அதில் எழுபது. பிறகு கண்ட்ரோலரை மனைவியிடம் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பிடித்தாள். இருபது பந்து. சராசரி எழுபத்து மூன்று.

அவள் எண்ணிக்கையைக் கேட்டாள். சொன்னேன். கண்ட்ரோலரை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு, “நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்” என்றாள்.

மருத்துவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொன்னார். பத்து நொடியில் இடது கை முப்பத்தொன்று. வலது கை பதினெட்டு. அவர் எண்ணவில்லை, நான் எண்ணினேன். பிறகு நடக்கச் சொன்னார். வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருப்பதை மனைவிக்குக் காட்டினார். கை கால் அசைவை மெல்ல மெல்ல மந்தமாக்கும் மூளை நோய் இது, மாத்திரை கொஞ்சம் உதவும், ஆனால் நோய் நிற்காது என்றார். எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று நான் கேட்கவில்லை.

வீடு திரும்பும் வழியில், தெப்ராவில் என் பழைய தொழிற்சாலை இருந்த சாலையில் ஜன்னலில்லாத பெரிய கட்டடங்கள் எழும்பியிருப்பதைப் பார்த்தேன். உள்ளே முழுக்கக் கணினிகளாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழுவரை எண்ணினேன். மச்சானின் பந்து இவற்றில் ஒன்றிலிருந்து வருகிறதா என்று தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும் இனி எனக்கு ஒன்றுதான்.

அந்த வாரத்திலிருந்து நான் ஜெயிக்க ஆரம்பித்தேன்.

மனைவி தம்பியிடம் சொல்லிவிட்டாள் என்று முதல் ஆட்டத்திலேயே தெரிந்தது. வந்த நாற்பத்தோரு பந்தில் முப்பத்து மூன்று உயரமாக, மெதுவாக, என் கைக்கே வந்தன. நான் திருப்பி அடித்ததில் சிலவற்றை அவர் தொடவே இல்லை.

“அலமாக், லைன் படு மோசம் மச்சான் இன்னிக்கு. பந்து வந்ததே தெரியல.”

“பெட்டி வாங்குங்கன்னு அப்பவே சொன்னேன்லா. கேட்டீங்களா?”

“உங்க பெட்டிக்கு முன்னாடி நிக்க முடியுமா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். லைனில் ஒரு கோளாறும் இல்லை. அவர் குரல் ஒரு இடத்தில்கூட வெட்டவில்லை.

இப்போதும் ஐந்து மணிக்கு உட்காருகிறோம். ஜெயித்தது தோற்றது எழுதுவதை விட்டுவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியை முக்காலியில் வைத்து எண்ணுவதை விட முடியவில்லை. நான்கு மாதத்தில் தொண்ணூற்றேழு நூற்றுப் பன்னிரண்டு ஆகியிருக்கிறது, மாத்திரை சாப்பிட்டும். மச்சான் தூக்கிப் போடும் மிக மெதுவான பந்து மேசையைக் கடக்க நூற்றுத் தொண்ணூறு பிரேம் ஆகிறது. அதில் பதினான்கை என் நல்ல இயந்திரம் எடுத்துக்கொள்ளும். என் விரலுக்கு மிச்சம் நூற்று எழுபத்தாறு. அவர் அதைவிட மெதுவாகப் போட முடியாது. அந்த விளையாட்டில் அதற்கு வழியில்லை.

எந்த மாதத்தில் அந்தப் பந்தும் என்னைத் தாண்டிப் போகும் என்று கணக்குப் போட்டுவிட்டேன். மச்சானிடம் சொல்லவில்லை.