அம்மாவுக்குச் சீராக வந்த டிரெய்லர்

உங்கள் அம்மா நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஆனாலும் இதை நான் என் பிள்ளைகள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோலக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஒருநாளும் நான் அவரை வாங்க போங்க என்று பேசியதில்லை. "ஏம்புள்ள" என்றுதான் கூப்பிடுவேன். மலரில் மரியாதையாக எழுத வேண்டும் என்று பாப்பா சொல்லிவிட்டாள். எழுதிப் பார்த்தால் அதுதான் சரியாகவும் படுகிறது.

கிணற்று மேட்டில் நிற்கும் பழைய டிரெய்லருக்குப் பெயிண்ட் அடித்து, பக்கக் கதவில் அம்மா பெயரை எழுதி, அவர் நினைவாக அப்படியே வைத்திருக்கலாம் என்று பெரியவனும் பாப்பாவும் பேசி முடிவு செய்திருக்கிறீர்கள். என்னிடம் கேட்டபோது நான் எழுந்து போய்விட்டேன். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது ஆத்தூருக்குக் கிழக்கே. அவருடைய அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். பிறகு அதே மில்லுக்கு வண்டி பேசிவிடும் வேலையில் இருந்தார். நான்கு பிள்ளைகளில் அம்மாதான் மூத்தவர். பத்தாவது வரை படித்தவர். என்னைவிட இரண்டு வகுப்பு அதிகம் என்பதைச் சண்டை வரும்போது மட்டும் ஞாபகப்படுத்துவார்.

கல்யாணத்துக்கு என்ன சீர் செய்வது என்று பேச்சு வந்தபோது, என் மாமனார் யாரும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். மகளுக்கு டிரெய்லர் கொடுக்கிறேன் என்றார். எங்கள் வீட்டில் ட்ராக்டர் கிடையாது. ஒரு ஜோடி மாடும் மூன்று ஏக்கர் வெள்ளாமைக் காடும்தான்.

"மாப்ள, நகை போட்டா அடகுக்குப் போயிடும். இரும்பு ஒழைக்கும். இந்தப் பக்கம் பூரா ட்ராக்டர் வாங்கினவன் இருக்கான், பின்னால மாட்டப் பொட்டி இல்லாம அலையறான். வாடகைக்கு உடுங்க. ரெண்டு வருசத்துல ட்ராக்டர் தானா வரும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் டிரெய்லர் கடையில் தயாராக நிற்காது. பட்டறைக்குப் போய் நமக்கு வேண்டிய மாதிரி சொல்லிச் செய்ய வேண்டும். உடைக்கப் போட்ட லாரியிலிருந்து அச்சும் ஸ்பிரிங் பட்டையும் எடுத்து, கனமான இரும்புச் சேனல் போட்டு, தரைக்கு வேம்புப் பலகை அடித்து, நாலு சக்கரத்தோடு இரண்டு மாதம் இருந்து செய்து வாங்கினார் மாமனார்.

கல்யாணத்தன்று காலையில் அண்டா, குண்டா, கட்டில், பீரோ எல்லாம் அந்த டிரெய்லரிலேயே ஏறி வந்தன. இழுத்து வந்தது வாடகை ட்ராக்டர். சீர் இறக்கியதும் டிரைவர் கொக்கியைக் கழற்றிவிட்டு, சாப்பிட்டு, ட்ராக்டரை மட்டும் ஓட்டிக்கொண்டு ஆத்தூருக்குத் திரும்பிவிட்டார். பந்தலுக்குப் பக்கத்தில் டிரெய்லர் மட்டும் மூக்கைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது.

பக்கத்துக் காட்டுப் பெரியப்பா பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஏனப்பா, மாடு வாங்காம மூக்கணாங்கயித்த வாங்கினாப்பல இருக்குதே! பொண்ணு ஊட்டுல ட்ராக்டரக் கடனா வெச்சிருக்கறாங்களா?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது. மணையில் உட்கார்ந்திருந்த அம்மா குனியவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஏங்க, அவருகிட்ட ட்ராக்டர் இருக்குதா?"

"இருக்குது."

"பொட்டி?"

"இல்ல."

"அப்போ நாளைக்கு நம்ம வூட்டுக்குத்தான் வருவாரு."

மறுநாள் வரவில்லை. அடுத்த வாரம் வந்தார். அதன் பிறகு பதினைந்து வருடத்துக்குமேல் நம் டிரெய்லரைப் பெரும்பாலும் இழுத்தது அவருடைய ட்ராக்டர்தான். இன்றைக்கும் நம் வீட்டு நல்லது கெட்டது எதிலும் முதலில் நிற்கிறவர் அவர்தான். அந்த மூக்கணாங்கயிற்றுப் பேச்சை இங்கே எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது, எழுது. அந்தப் புள்ள அதுக்கு என்னைய வாழ்நாள் பூரா வெச்சு வாங்கினதையும் சேத்து எழுது" என்றார்.

டிரெய்லர் உழைத்தது. எரு, செங்கல், மணல், கரும்பு, மரவள்ளிக் கிழங்கு, கோயில் நோன்பித் திருவிழாவுக்குத் தண்ணீர்த் தொட்டி என்று எல்லாம் ஏற்றியது. யார் கேட்டாலும் அம்மா இல்லை என்று சொன்னதில்லை. சாவு வீட்டுக்குப் பந்தல் சாமான் ஏற்றக் கேட்டால் வாடகை வாங்க மாட்டார். ஒரே ஒரு நிபந்தனை உண்டு: திருப்பி விடும்போது கூட்டிவிட்டு விட வேண்டும். எருவோடு கொண்டுவந்து விட்ட ஒருவரை, விளக்குமாற்றைக் கையில் கொடுத்து மேலே ஏற்றிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவர் மனதில் இருந்தது வாடகை இல்லை. நம் காட்டுக் கிழங்கை, நம் டிரெய்லரில் ஏற்றி, நம் ட்ராக்டர் இழுத்துக்கொண்டு ஜவ்வரிசி மில்லுக்குப் போக வேண்டும். தான் மேலே உட்கார்ந்து போக வேண்டும். அவ்வளவுதான். அவர் வேறு எதையும் ஆசையாகக் கேட்டு எனக்குத் தெரியாது.

அந்த ஆசை வெறும் ஆசையாக இல்லாமல் தேவையாக ஆன வருடம் ஒன்று உண்டு. பெரியவனுக்கு அப்போது விவரம் தெரியாது, பாப்பா பிறக்கவில்லை. கிழங்கு நன்றாக விளைந்திருந்தது. ஆள் வைத்துப் பிடுங்கி, டிரெய்லர் நிறைய ஏற்றிவிட்டோம். இழுக்க வர வேண்டிய பெரியப்பாவின் ட்ராக்டர் கியர் உடைந்து பட்டறையில் நின்றுவிட்டது. சீசன் நேரம். புதுச்சத்திரம் வரை போய்க் கேட்டேன். எல்லா ட்ராக்டரும் ஓட்டத்தில் இருந்தது.

பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது. அதில் இருக்கும் மாவைப் பாயிண்ட் கணக்கில் பார்த்துத்தான் மில்லில் விலை போடுவார்கள். நாள் ஆக ஆகப் பாயிண்ட் இறங்கும், கிழங்கு உள்ளே நீலம் பாய்ந்து கறுத்துவிடும். அம்மா சாக்கை நனைத்து நனைத்து மேலே போட்டார். ஒரு கிழங்கை எடுத்து ஒடித்துப் பார்ப்பார், வைத்துவிடுவார். சற்று நேரம் கழித்து இன்னொன்றை ஒடிப்பார். ட்ராக்டர் கிடைத்து மில்லுக்குப் போனபோது, கிழங்கைப் பார்த்த ஆள் நம் முகத்தைப் பார்க்காமலே "வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டார். திரும்பக் கொண்டுவந்து நம் காட்டிலேயே கொட்டினோம்.

கொட்டி முடித்து அம்மா டிரெய்லரைக் கூட்டினார். கூட்டிக்கொண்டே சொன்னார். "பொட்டி மேல எனக்குக் கோவம் இல்லீங்க. அது ரெடியாத்தான் நின்னுச்சு."

ட்ராக்டர் வாங்கிவிடுவது என்று அன்றைக்கு நான் அவருக்குச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அதற்கென்று இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தோம். சேர்ந்த சமயத்தில் கிணறு வற்றியது. தண்ணீர் இல்லாத காட்டுக்கு ட்ராக்டர் எதற்கு என்று சேர்த்ததை ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டிக்குக் கொடுத்தோம். முதல் குழியில் மண்ணும் புகையும்தான் வந்தது. அவர் நகையைக் கொடுத்து இரண்டாவது குழி போட்டோம். அதிலும் அதேதான். ரிக் வண்டி கிளம்பிப் போனதும், முகமெல்லாம் வெள்ளைத் தூசியோடு நின்ற என்னைப் பார்த்து, "போங்க, போயிக் குளிங்க. பாக்கப் பாவமா இருக்குது" என்றார். ட்ராக்டரைப் பற்றி அதன் பிறகு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் மழைக்காலம் முடிந்ததும் வருடந்தோறும் சக்கரத்துக்குக் கிரீஸ் வைப்பதை மட்டும் அவர் விடவில்லை.

பிறகு புது டிரெய்லர்கள் வந்தன. இரண்டே சக்கரம், மெல்லிய தகடு, பளபளவென்று நீலமும் சிவப்பும். ட்ராக்டரிலிருந்தே ஜாக்கியைத் தூக்கினால் பெட்டி தானாகச் சாய்ந்து கொட்டிவிடும். டிப்பர் என்பார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. கூடையில் வாரி வாரி இடுப்பு ஒடிந்தவர்களைக் கேட்டால் அது எவ்வளவு பெரிய நன்மை என்று சொல்வார்கள். ஆனால் டிப்பர் வந்ததும் மில்லில் இறக்கும் ஆட்களை நிறுத்திவிட்டார்கள்.

அது தெரியாமல் ஒருமுறை நம் டிரெய்லரில் கிழங்கு கொண்டுபோய்விட்டோம். பெரியப்பா ஓட்டினார், அம்மாவும் நானும் மேலே உட்கார்ந்திருந்தோம். கேட்டில் இருந்தவர் ஓடி வந்தார். "ஏனுங்க, இன்னுமா இதக் கொண்டாறீங்க? குழிகிட்டப் போயி ஜாக்கியத் தூக்கினாக் கொட்டோணும். இத ஆரு வாருறது?"

"நாங்களே வாருறோம்" என்று அம்மா இறங்கிவிட்டார்.

மூன்று பேரும் வாரினோம். பின்னால் நின்ற டிப்பர் ஓட்டி வந்த பையன் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தான். "ஏனுங்கக்கா, இந்தப் பொட்டியப் பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் திங்கிலாமுங்க!" என்றான்.

"உன் பொட்டிதான் தானாக் கொட்டுதே சாமி, உனக்கு எதுக்கு அவசரம்? நாளைக்கு உன்னையும் சேத்துக் கொட்டும், அப்போ நான் வந்து வாருறேன்" என்றார் அம்மா. அந்தப் பையன் சிரித்துவிட்டு இறங்கி வந்து, அவனும் இரண்டு கூடை வாரினான்.

 அடுத்த சீசனுக்குப் பெரியப்பாவும் டிப்பர் வாங்கினார். அவர் வந்து சொன்னபோது, "வாங்குங்க மாமா, நல்லதுதான். உங்க இடுப்புக்கும் வயசாகுதில்ல" என்றார் அம்மா. அன்றிலிருந்து நம் டிரெய்லரை யாரும் கேட்டு வரவில்லை. கிணற்று மேட்டில் நின்றது. அதன் மேல் சோளம் காய வைத்தார்கள், அடியில் ஆடு கட்டினார்கள். டயர் இறங்கியது. பலகை உளுத்தது. ஒரு வருடம் கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு போனவர், வைக்காமலே திரும்பி வந்தார்.

பெரியவன் ரிக் வண்டி வேலைக்கு வடநாட்டுக்குப் போய் வெயிலில் நின்று பணம் சேர்த்தது உங்கள் அனைவருக்கும் தெரியும். அவன் ட்ராக்டரோடு ஊருக்கு வந்தபோது அம்மாவுக்குக் கிட்னி இரண்டும் போயிருந்தது. சேலத்துக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தார். வாழைக்கும் மஞ்சளுக்கும் இடையில் ஓட்டுகிற சின்ன ட்ராக்டர் அது. நம் காட்டுக்கு அதுதான் பொருத்தம். அவன் வாங்கியதில் ஒரு குற்றமும் இல்லை.

மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி முடித்ததும், நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா கிணற்று மேட்டைக் கைகாட்டிச் சொன்னார். "கொண்டுபோயி அதுல மாட்டு சாமி."

"அம்மா, இது இழுக்காதும்மா. இது சின்ன வண்டி. அது வெறுசாவே மலையாட்டம் கனம்."

"சும்மா மாட்டிப் பாரு."

இரவல் டயர் இரண்டு வாங்கிப் போட்டு, காற்றடித்து, கொக்கி பொருந்தாததால் சங்கிலி போட்டுக் கட்டினோம். பெரியவன் கிளட்சை விட்டான். ட்ராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது. பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி மண்ணைத் தோண்டியது. டிரெய்லர் ஒரு சாண்கூட நகரவில்லை. பெரியப்பாவும் நானும் பின்னாலிருந்து தள்ளினோம். பெரியவன் மறுபடி மறுபடி முறுக்கினான். அவன் கண் கலங்கிவிட்டதை நான் பார்த்தேன்.

"போதும், கழட்டிடு சாமி. புது வண்டிய மொத நாளே நோவடிக்காத" என்றார் அம்மா. கொஞ்சம் சிரிக்கவும் செய்தார்.

மறுநாள் காலையில் என்னிடம், நாற்காலியைக் கிணற்று மேடு தெரியாத பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னார். போட்டேன். கடைசிவரை அந்தப் பக்கமாகவேதான் உட்கார்ந்திருந்தார்.    ஐப்பசி மழையில் மூச்சு முட்டி, சேலத்துக்குப் போகிற வழியிலேயே அவர் போய்விட்டார்.

அம்மாவைச் சலிக்காமல் சேலத்துக்கு அழைத்துப் போய் வந்த கார்க்காரத் தம்பிக்கும், உப்பில்லாத சோறு தனியாக ஆக்கிக் கொடுத்த பக்கத்துக் காட்டுப் பெரியம்மாவுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், ஆத்தூரிலிருந்து மழையில் நனைந்து வந்து சேர்ந்த மைத்துனர்களுக்கும், காரியம் முடியும்வரை தன் வேலையை விட்டு நம் வாசலில் நின்ற பெரியப்பாவுக்கும் நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. அவர்கள் யாரும் நன்றியை எதிர்பார்க்கவில்லை. அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியாது.

இனிப் பிள்ளைகளுக்கு. நீங்கள் அதற்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாம். அம்மா பெயரை அதில் எழுத வேண்டாம். அது நிற்பதைத்தான் உங்கள் அம்மா வாழ்நாள் முழுக்கப் பார்த்தார். அவர் கேட்டது ஓடுவதை. போன பிறகும் அதையே நிறுத்தி வைத்து, நிற்பதற்கு அவர் பெயரைப் போட எனக்கு மனம் வரவில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து பழைய இரும்பு எடுக்கிறவர் வந்து பார்த்துவிட்டார். சுற்றிச் சுற்றி வந்து, "இத எப்படிங்ணா கொண்டு போறது? இழுத்துட்டுப் போக முடியாதுங்களே" என்றார். நிற்கிற இடத்திலேயே கேஸ் வைத்து அறுத்துத் துண்டாகத்தான் ஏற்ற முடியுமாம். திதி முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அவர் வருகிற அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருக்க வேண்டாம். நான் இருந்துகொள்கிறேன்.