என்னையும் குறை சொன்னவர்

மேடையில் பாடுபவரைப் பலர் அறியக் குறை சொல்வது அநாகரிகம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பக்கவாத்தியம் வாசிப்பவள் வேறெப்படி நினைக்க முடியும்?

பாலக்காட்டில் ஒரு கோயில் கச்சேரி. நான் வயலின். நான் அண்ணா என்று கூப்பிடும் பாடகர் ராகத்தை விஸ்தாரமாகப் பாடினார். என் முறை வந்து நாலு இழுப்பு இழுப்பதற்குள் கீர்த்தனையைத் தொடங்கிவிட்டார். எப்போதும் அப்படித்தான். கேட்டால் அடுத்த கச்சேரி கிடைக்காது.

மறுநாள் மீனாட்சிபுரத்து ரசிகர் ஒருவர் பேஸ்புக்கில் எழுதினார்: "பாட்டு அருமை. ஆனால் வயலினை வாசிக்கவே விடாதது அநியாயம்."

அண்ணா போனில் பொரிந்தார். "நீ சொல்லிக் குடுத்துதானே அவன் எழுதியிருக்கான்?"

"நான் ஒண்ணும் சொல்லலை அண்ணா. ஆனா அவர் எழுதினது வாஸ்தவம்தான்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. இரண்டு மாதம் அவரிடமிருந்து அழைப்பே இல்லை. பிறகு ஒரு கச்சேரிக்குக் கூப்பிட்டார். அன்று ராகம் பாடி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "வாசி" என்று சொல்லிவிட்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

கச்சேரி முடிந்ததும், அன்றும் கேட்க வந்திருந்த அந்த ரசிகரைத் தேடிப்போய் நன்றி சொன்னேன்.

"எனக்கெதுக்குங்க நன்றி? இன்னைக்கு உங்களப் பத்தியும் எழுதோணுமுங்க" என்றார், சிரிக்காமல்.

எழுதினார்: "வயலின் மேல் ஸ்தாயியில் சுருதி விலகியது. அவசரம்."

சுருக்கென்றது. மறுபடி படித்தேன். அதுவரை எல்லா விமர்சனத்திலும் எனக்குக் கிடைத்தது, "வயலின் பக்கபலமாக அமைந்தது" என்ற ஒரே வாக்கியம்தான். பிழை தெரியும் அளவுக்கு ஒருவர் என்னைக் கேட்டிருக்கிறார்.