பகலில் இழுத்த திரை

ஹார்லிங்கன் ஊரில் அந்தத் தெருவின் திரைகளெல்லாம் ஜன்னலோரம் ஒதுங்கி நிற்கத்தான். பகலில் யாரும் இழுத்து மூடுவதில்லை. அதனால்தான் ஹிஸ்காவுக்கு எதிர்வீடு முழுதும் தெரிந்தது.

அங்கே புதிதாகக் குடிவந்த கரோலினின் மேசையெல்லாம் திரைத்துணி மாதிரிகள். கடுகு மஞ்சள் ஒன்றைத் தோளில் போட்டு நின்று சிரித்துக்கொண்டிருந்தவள் ஹிஸ்காவின் தோழி நைன்கா. செவ்வாய்க்கிழமை காலைக் காப்பிக்கு நைன்கா வருவது ஹிஸ்கா வீட்டுக்கு. ஹிஸ்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இன்று செவ்வாய்.

"துணிதானே பாக்கறாங்க?" என்றான் கணவன் டௌவெ.

"காப்பி ஆறுது."

"சூடு பண்ணிக்கலாம்."

எதிரே கரோலின் நைன்காவுக்குக் காப்பி ஊற்றினாள். ஹிஸ்கா ஜன்னலை நெருங்கிப் போனாள். இரண்டு திரைகளையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து மூடினாள்.

வீட்டில் பிணம் கிடந்தால்தான் அங்கே பகலில் திரை மூடுவார்கள். ஆத்திரத்தில் அது அவளுக்கு நினைவில்லை. வெளியே பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது. அடுத்த நிமிடம் கதவு தடதடத்தது.

தோளில் மஞ்சள் துணியோடு நைன்கா பாய்ந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அய்யோ ஹிஸ்கா! எப்படிடி போனாரு?"

"யாரு போனா?" என்று உள்ளிருந்து வந்தான் டௌவெ, வாய் நிறைய ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக.

நைன்கா அவனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "அடிப்பாவி! அப்புறம் எதுக்குடி மூடின?"

"துணி பாக்க என்னை ஏன் கூப்பிடல?"

"உன்னையா? 'சாம்பல் நிறம் போடு, அழுக்கு தெரியாது'ம்ப. நீ சொன்னேன்னு போட்டு, என் கூடத்துல வருஷமெல்லாம் மழைக்காலம்!"

"பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ ஒரு மாசம் பேசமாட்ட."

டௌவெ தலையசைத்து ஆமோதித்தான். ஹிஸ்கா அவனை முறைத்தாள்.

நைன்கா திரைகளை ஒதுக்கினாள். எதிர் ஜன்னலில் கரோலின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பாவம், பயந்துட்டா. கையாட்டுடி."

ஹிஸ்கா ஆட்டவில்லை. "அந்த மஞ்சள் அவ சுவருக்கு எடுக்காது."

"வந்து நீயே சொல்லு."

ஹிஸ்கா போனாள். கரோலின் இன்னொரு கோப்பை எடுக்க உள்ளே போன நேரத்தில், நைன்காவுக்கு அடுத்த நாற்காலியில் இருந்த கரோலினின் சால்வையை எடுத்து மேசைக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.