வருஷத்தில் ஒரு நாள் பூட்டு

ஹெட்லி தார்ன்பர் யோசனை சொல்கிற ஆள் அல்ல. கேட்டாலும் சொல்லமாட்டார். யார்க்‌ஷயர் மலைப்பக்கம் ராதர்பெக் பள்ளத்தாக்கில் பிறந்து, அங்கேயே ஆடு வளர்த்து, அங்கேயே முழங்கால் தேய்ந்தவர். மனிதர்களோடு பேசியதைவிட நாயோடு பேசியதுதான் அதிகம். நாயோடு பேசியதும் பெரும்பாலும் வசவு. அப்படிப்பட்டவரைத்தான் மாவட்ட நிர்வாகமான கவுன்டி கவுன்சில் தேடிப்பிடித்து ஆலோசனைக் குழுவில் போட்டது.

அரசாங்கம் அப்போது புதுச் சட்டம் கொண்டுவந்திருந்தது. மலையிலும் மேய்ச்சல் நிலத்திலும் இனி எல்லோரும் நடக்கலாம். எந்த வழியில் போகலாம், எங்கே கேட் வைக்கலாம், நாயைக் கட்டிக் கூட்டிவர வேண்டுமா என்பதையெல்லாம் பேச ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு குழு. நடக்கிறவர்கள் பாதி, நிலக்காரர்கள் பாதி. அவர்கள் கூடிப் பேசிக் கவுன்சிலுக்கு யோசனை சொல்வார்கள். கவுன்சில் அதைக் கேட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டதால் ஆள் சேர்ப்பது கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

கவுன்சிலிலிருந்து பிலிப்பா என்றொரு இளம்பெண், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஹெட்லியின் முற்றத்துக்கே வந்தாள்.

"மிஸ்டர் தார்ன்பர், நிலக்காரங்க பக்கம் ஒரு ஆள் குறையுது. நீங்க வந்தா நல்லாருக்கும்."

"வந்து?"

"உக்காந்து மத்தவங்க பேசறதக் கேக்கணும். உங்க அபிப்பிராயத்தச் சொல்லணும்."

"எனக்கு அபிப்பிராயமே கிடையாதும்மா."

"அதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன். மத்த எல்லாருக்கும் இருக்கு."

ஹெட்லி யோசிப்பதாகச் சொல்லி அனுப்பினார். உண்மையில் குழுவில் சேர அவருக்கு ஒரு காரணம் இருந்தது. ஸ்கிப்டன் ஊரில், தங்கை வீட்டுக்கு அடுத்த தெருவில், மாடிப்படி இல்லாத சின்ன வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. குழாயைத் திருகினால் வெந்நீர். சுவரோரம் கேஸ் கணப்பு. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஹெட்லிக்குத் தூக்கத்தில்கூட அந்தக் குழாய்தான் வந்தது. பண்ணை வீட்டை விற்றால் அதை வாங்கிவிடலாம். லீட்ஸிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்து பார்த்து, வீடு பிடித்துப்போய், ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: சமையலறை ஜன்னலை ஒட்டி யாரும் உரிமையோடு நடந்து போகக் கூடாது.

அங்கேதான் சிக்கல். ஹெட்லியின் முற்றத்தின் குறுக்கே ஒரு வழி போகிறது. மேலே மியூரியல் கேப்ஸ்டிக் என்பவளின் சின்னப் பண்ணையில் தொடங்கி, ஹெட்லியின் சமையலறை ஜன்னலுக்கும் சாணிக் குவியலுக்கும் நடுவே நுழைந்து, ஓடைப் பாலத்தைத் தாண்டி பஸ் நிறுத்தத்தில் முடியும். கோடையில் அருவி பார்க்க வரும் டவுன்காரர்கள் அதில்தான் போவார்கள். மியூரியல் கார் ஓட்டாதவள். தினமும் அதில்தான் போவாள். ஆனால் கவுன்சிலின் வரைபடத்தில் அப்படி ஒரு பொது வழி கிடையாது.

இந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. யாரையும் கேட்காமல், யாரும் தடுக்காமல், ஜனங்கள் ஒரு வழியில் இருபது வருஷம் நடந்துவிட்டால், அது என்றைக்கும் ஜனங்களுடையது. இதற்கு நிலக்காரர்கள் கண்டுபிடித்த மாற்று, வருஷத்தில் ஒரு நாள் வழியைப் பூட்டிவிடுவது. 'இது என் இடம், மற்ற நாளில் நீ நடப்பது என் தயவு' என்று அதற்கு அர்த்தம். ஹெட்லியின் அப்பா புத்தாண்டு தினத்தில் பூட்டுவார். முந்தின ராத்திரி குடித்துவிட்டு பள்ளத்தாக்கே குப்புறக் கிடக்கிற காலை அது. பூட்டினது யாருக்கும் தெரியாது, யாருக்கும் மனத்தாங்கலும் வராது. அப்பா போனபிறகு ஹெட்லி அதே சங்கிலியை அதே நாளில் அதே கேட்டில் போட்டு வந்தார்.

குழுவில் சேரச் சொன்னது ஜைல்ஸ் பார்டன். மலைமேல் பணக்காரர்கள் பறவை சுட வருகிற நிலத்துக்கு அவர்தான் மேனேஜர். "உள்ள இருங்க ஹெட்லி. வெளிய நின்னு கத்தறதவிட உள்ள உக்காந்து தும்மறது மேல்" என்றார். ஹெட்லி சேர்ந்தார்.

முதல் கூட்டம் ஊர் மண்டபத்தில் நடந்தது. எங்கே யார் உட்காருவது என்பதிலேயே முதல் தேநீர் ஆறிப்போனது. கடைசியில் மேசைக்கு இந்தப் பக்கம் நடக்கிறவர்கள், அந்தப் பக்கம் நிலக்காரர்கள் என்று கல்யாணத்துக்கு வந்த பகையாளிகள்போல உட்கார்ந்தார்கள். நடக்கிறவர்கள் தரப்புக்குத் தலை கீத் ஸ்டான்ஸ்ஃபீல்ட், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். அவர் பக்கத்தில் மியூரியல். அந்தத் தரப்பில் இருந்தவர்களில் எங்கேயாவது போய்ச் சேருவதற்காக நடப்பவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் காரில் வந்து இறங்கி நடக்கிறவர்கள்.

தலைவர் யார் என்ற கேள்வி வந்தது. கீத்தை நிலக்காரர்கள் ஒப்பவில்லை. ஜைல்ஸை நடக்கிறவர்கள் ஒப்பவில்லை. அதுவரை வாயே திறக்காத ஒரே ஆள் ஹெட்லி. ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். எழுந்து நன்றி சொல்லும்படி பிலிப்பா கேட்டாள். அவர் எழுந்தார், உட்கார்ந்தார்.

அப்புறம் பிலிப்பா விதிகளைப் படித்தாள். முதல் விதி, யார் பேசினாலும் தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். மண்டபத்தில் உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் சட்டென்று பிஸ்கட் தட்டைப் பார்த்தார்கள். பிலிப்பாவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியாது: மியூரியலும் ஹெட்லியும் பேசி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

காரணம் ஒரு சுவர். இரண்டு பண்ணைக்கும் நடுவில் காரை பூசாத கல்சுவர் ஒன்று. ஓர் ஆகஸ்டில் அதில் ஓர் இடம் சரிந்தது. அதன் வழியே மியூரியலின் கிடா ஹெட்லியின் மந்தைக்குள் புகுந்து, வந்த வேலையை முடித்துக்கொண்டு திரும்பிப் போனது. ஏப்ரலில் பிறக்க வேண்டிய குட்டிகள் ஜனவரிப் பனியில் பிறந்து விறைத்துச் செத்தன. "அது உன் சுவர்" என்றார் ஹெட்லி. "உன் சுவர்" என்றாள் மியூரியல். அதோடு சரி. பிறகு ஆளுக்குப் பாதியாக, வேறுவேறு நாளில் வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைக் கட்டி முடித்தார்கள். இரண்டு பாதியும் சேருகிற இடம் இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது.

வேலிமேல் ஏறி இறங்குகிற மரப்படிகளைப் பற்றி மியூரியல் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், பிலிப்பாவைப் பார்த்து.

"தலைவரப் பாத்துச் சொல்லுங்க, மிஸ் கேப்ஸ்டிக்."

ஹெட்லியின் தலைக்கு மேலே சுவரில் மகாராணியின் படம் மாட்டியிருந்தது. மியூரியல் அதைப் பார்த்து "தலைவரே" என்றாள். அதன்பிறகு எல்லாக் கூட்டங்களிலும் அவள் மகாராணியிடம்தான் பேசினாள். ஹெட்லி பதிலை ஜன்னலிடம் சொன்னார். குழு வேலை தடையில்லாமல் நடந்தது.

அந்தக் குளிர்காலக் கூட்டத்துக்கு, ஹெட்லியின் முற்றத்து வழியைப் பொது வழியாக வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்று கீத் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சொந்த லாபநஷ்டம் உள்ளவர்கள் வெளியே போக வேண்டும் என்று பிலிப்பா விதியை எடுத்தாள். எல்லோரும் கை தூக்கினார்கள். அத்தனை பேரும் வெளியே போனால் தேநீர் கொதிகலன் மட்டும்தான் மிஞ்சும் என்பதால் அந்த விதியை அன்றைக்கு ஓரமாக வைத்தார்கள்.

"வருஷா வருஷம் புத்தாண்டுல பூட்டியிருக்காரு. அவங்கப்பா காலத்துலேர்ந்து. அப்புறம் என்ன பேச்சு?" என்றார் ஜைல்ஸ்.

"பூட்டினத யாரு பாத்தா?" என்றார் கீத். "யாரும் பாக்காத பூட்டு பூட்டே இல்ல."

புத்தாண்டு காலையில் அந்த மேசையைச் சுற்றி இருந்த ஒருவராலும் நிமிர்ந்து நின்றிருக்க முடியாது.

"தலைவரே, நான் பாத்தேன்" என்றாள் மியூரியல், மகாராணியிடம்.

ஜைல்ஸுக்கு முகமெல்லாம் பல். "கேட்டீங்களா? அவங்க பக்கத்து ஆளே சொல்றாங்க. மிஸ் கேப்ஸ்டிக்கயே தடுத்து நிறுத்தியிருக்காரு!"

"நிறுத்தல. தொறந்து விடுவாப்ல."

கீத்தின் பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது.

உண்மை இதுதான். புத்தாண்டு மதியம் மியூரியல் தன் தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போவாள். கேக்கை ஷெர்ரி ஒயினில் ஊறவைத்து, மேலே கஸ்டர்டும் க்ரீமும் அடுக்கிய ட்ரைஃபிளை ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருவாள். பூட்டிய கேட்டில் ஏறிக் குதிக்க முடியாது. வானத்தைப் பார்த்தபடி நிற்பாள். ஹெட்லி தொழுவத்திலிருந்து வந்து, சங்கிலியைக் கழற்றி, கேட்டைத் திறப்பார். அவள் போவாள். அவர் மறுபடி பூட்டுவார். சாயங்காலம் காலிக் கிண்ணத்தோடு வரும்போது அவளே ஏறிக் குதித்துவிடுவாள். கிண்ணம் காலி என்றால் ஹெட்லி வரமாட்டார். அது இருவருக்கும் தெரியும்.

ஜைல்ஸ் அசரவில்லை. "ரொம்ப நல்லதாப் போச்சு. தொறந்து விட்டாருன்னா அனுமதி குடுத்திருக்காரு. அனுமதி வாங்கிப் போறது உரிமையில சேராது. பிலிப்பா, சட்டம் அதுதான?"

"அதுதான்" என்ற பிலிப்பா மியூரியல் பக்கம் திரும்பினாள். "நீங்க அவர்கிட்ட அனுமதி கேட்டீங்களா?"

"எப்படிக் கேப்பேன்? நாங்கதான் பேசறதில்லையே."

"ஹெட்லி" என்று ஜைல்ஸ் மேசைமேல் குனிந்தார். "அவங்க கேக்க வேணாம். நீங்க குடுத்தாப் போதும். 'போ'ன்னு சொல்லிருப்பீங்க. இல்லன்னா தலையாவது ஆட்டிருப்பீங்க. தலைய ஆட்டினேன்னு சொல்லுங்க, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

ஒரு தலையாட்டல். அவ்வளவுதான் ஸ்கிப்டன் வீடு. வெந்நீர்க் குழாய், கணப்பு, படி இல்லாத வாழ்க்கை. இல்லை என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் உண்டு, அவளும் சண்டைக்கு வரமாட்டாள். மகாராணியை விட்டுவிட்டு அவள் இப்போது ஹெட்லியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை எடுக்காமல்.

ஹெட்லி நல்லவர், பொய் சொல்லத் தெரியாதவர் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஆட்டுச் சந்தையில் அவர் சொன்ன பொய்களை வாங்கியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவருக்கு அப்போது தோன்றியது வேறு. தலையாட்டினேன் என்று சொன்னால், நாளைக்குக் காலை பள்ளத்தாக்கு முழுக்க ஒரே பேச்சாக இருக்கும்: ஹெட்லிதான் முதலில் இறங்கி வந்தான், அப்போ அது அவன் சுவர்தான்.

இன்னொன்றும் தோன்றியது. கோமாரி வந்த வருஷம் நாட்டில் எல்லா வழியையும் அடைத்தார்களே, அந்த வசந்தம் முழுக்க மியூரியல் அவர் முற்றத்தில் கால் வைக்கவில்லை. அவர் ஆடுகளுக்கு நோய் வந்துவிடக் கூடாதென்று ரோடு சுற்றியே பஸ்ஸுக்குப் போனாள். தினம் காலையில் ஹெட்லி சமையலறை ஜன்னலில் நின்று காலி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாங்கமுடியாமல் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

"ஆட்டல" என்றார் ஹெட்லி.

"என்ன?" என்றார் ஜைல்ஸ்.

"தலைய ஆட்டல. கையும் காட்டல, கையில சங்கிலி இருந்துச்சு. ஒரு வார்த்த பேசல. மூஞ்சியக்கூடப் பாக்கல."

"பாக்கல" என்றாள் மியூரியல். "அது நெசம்."

ஜைல்ஸ் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். தடுக்கவும் இல்லை, அனுமதி கொடுக்கவும் இல்லை என்றாகிவிட்டதால், பொது வழியாக ஏற்றலாம் என்று குழு யோசனை சொன்னது. குழு அதுவரை சொன்ன யோசனைகளில் கவுன்சில் காதில் போட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான். பல் டாக்டர் வேறு பள்ளத்தாக்கில் வீடு வாங்கினார். ஸ்கிப்டன் வீட்டை யாரோ ஒரு போஸ்ட்மாஸ்டர் வாங்கிக்கொண்டார். அடுத்த இலையுதிர்காலத்தில் இரண்டு பேர் வந்து, சமையலறை ஜன்னலுக்கு நேராக, 'பொது நடைவழி' என்று எழுதிய கம்பத்தை நட்டுவிட்டுப் போனார்கள். ஹெட்லி அவர்களுக்குத் தேநீர் கொடுக்கவில்லை. மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்த வெந்நீர்க் குழாயை நினைத்துக்கொண்டார். தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டார். நாய் தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து மேசைக்கு அடியில் போனது.

புத்தாண்டு வந்தது. பழக்கதோஷத்தில் சங்கிலியை எடுத்துக்கொண்டு கேட்வரை போய்விட்டார். கம்பத்தைப் பார்த்தபிறகுதான் ஞாபகம் வந்தது. சங்கிலியைத் தொழுவத்து ஆணியில் மாட்டிவிட்டு, வேலை இருப்பதுபோல அங்கேயே நின்றார்.

மதியம் மியூரியல் ட்ரைஃபிள் கிண்ணத்தோடு வந்தாள். கேட்டில் வெறும் தாழ்ப்பாள்தான், அதுவும் சரியாகப் போடவில்லை. இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினால் திறந்துகொள்ளும். அவள் தள்ளவில்லை. நின்றாள். வானத்தைப் பார்க்கவில்லை.

"ஹெட்லி."

"என்ன?"

"இப்படிக்காப் போகட்டுமா?"

ஹெட்லி கம்பத்தைப் பார்த்தார். "அதான் பலகை வெச்சிருக்கான்ல. யாரு வேணா போலாம்."

"பலகைகிட்ட கேக்கல. உன்கிட்ட கேக்கறேன்."

அவர் வந்து கேட்டைத் திறந்தார். "போ" என்றார். அவள் தாண்டும்போது, "ஆனா அது உன் சுவர்தான்" என்றார்.

"உன் சுவர்" என்று சொல்லிவிட்டு, கஸ்டர்டு தளும்பாமல் மெல்ல நடந்து பாலத்தைத் தாண்டிப் போனாள்.

சாயங்காலம் காலிக் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். ஹெட்லி கேட்டைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தார்.