பாதி எழுதிய ஜெபச் சீட்டு

என்னைப் போல் பயந்து பயந்து ஜெபிக்கிற தாய்மாருக்கு இதை எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதின ஒரு பிழையிலிருந்துதான் ஆண்டவர் எனக்குப் பதில் கொடுத்தார். அது பதில்தானா, இல்லை தற்செயலா என்று பல நாள் குழம்பினேன். இப்போதும் ஒரு சில நாள் குழம்புகிறேன்.

என் பெயர் ஞானசௌந்தரி. கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் ஆண்டவரிடத்தில் போய் ஆறு வருஷம் ஆகிறது. நடவுக்கும் களைக்கும் போவேன். அறுப்பு முடிந்தால் கொள்முதல் நிலையத்தில் சிந்தின நெல்லைக் கூட்டித் தூற்றுகிற வேலை. ஒரே மகள் பெனிட்டா. இருபது வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு திருவாரூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள்.

போன வருஷம் தை மாதம், சம்பா அறுப்பு மும்முரமாக இருந்த சமயம். நான் களத்தில் நெல் கூட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. உங்கள் மகள் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடக்கிறாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்று யாரோ ஒரு அம்மா சொன்னார். வெயிலில் மயங்கியிருப்பாள் என்று நினைத்தேன். தை மாதத்தில் என்ன அப்படி வெயில்? அதுகூட எனக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் பாதி தூரம் போனபிறகு, "ஏம்மா, தொடப்பத்தயும் கூட்டிட்டு வந்திருக்கீங்களே, அதுக்கும் டிக்கெட்டா?" என்று கண்டக்டர் கேட்டார். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "வலி மாத்திரைம்மா. ஒரு நாளைக்கு எத்தனை போடுறான்னு அவளுக்கே தெரியல. ரொம்ப நாளா பழகிருச்சு" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. கால் வலி என்பாள். நான் தினமும் தைலம் தேய்த்துவிட்டேன். கூட நின்ற யாரோ ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் வலிக்காகப் போட்டது போய், அது இல்லாமல் நிற்கவே முடியாது என்று ஆகியிருக்கிறது. அந்தக் காலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்த எனக்கு எப்படித் தெரியாமல் போனது? நான் என்ன தாய்? அழக்கூட வரவில்லை.

எங்கள் லுத்தரன் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் மட்டும் சொன்னேன். தஞ்சாவூருக்கு அப்பால் விசுவாசிகள் நடத்துகிற ஓர் இல்லத்தைப் பற்றி அவர்தான் சொன்னார். இப்படித் தடுமாறின பெண்பிள்ளைகள் அங்கேயே தங்கி, மருந்தும் ஆலோசனையும் ஜெபமுமாகத் தேறுகிற இடம். மொத்தம் ஒன்பது மாதம். முதல் நாற்பது நாள் போனும் கிடையாது, பார்க்கவும் முடியாது. மாசி மாதம் கொண்டுபோய் விட்டேன். ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான லெந்து காலம் தொடங்கியிருந்தது. கேட்டுக்குள் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமா, வெட்கமா, தெரியவில்லை. வருகிற வழியெல்லாம் அதையே யோசித்தேன்.

ஊருக்குள் இறங்கினதும் என் ஓரகத்தி மார்த்தா எதிரே வந்தாள். என் கொழுந்தன் செல்வராஜின் பெண்சாதி.

"என்னக்கா, பெனிட்டாவ ஆளையே காணும்?"

"தஞ்சாவூர்ல தையல் கோர்ஸ் சேத்திருக்கேன். ஹாஸ்டல்லயே தங்கிப் படிக்குது."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று தெரியவில்லை. யோசித்து வைத்திருந்தால்கூட அவ்வளவு சரளமாக வந்திருக்காது. உண்மை தெரிந்தால் யார் அவளைக் கட்டுவார்கள் என்ற பயம். ஊர் பேசும் என்ற பயம். எனக்குப் பயப்படக் காரணமா கிடைக்காது?

ஈஸ்டர் கழிந்து மார்த்தா ஒரு ப்ளவுஸ் துணியோடு வந்து நின்றாள். "கோர்ஸ் படிக்கிற புள்ள, சித்திக்கு ஒண்ணு தெச்சுத் தரமாட்டாளா? அளவு ப்ளவுஸும் வெச்சிருக்கேன்." என்ன செய்வேன்? வாங்கிக்கொண்டேன். கீழ்வேளூரில் ஒரு டெய்லரிடம் தைத்து வாங்கி, பெனிட்டா தைத்தது என்று கொடுத்தேன். அதை அவள் கோவிலுக்கே போட்டு வந்தாள். "கை கச்சிதமா இருக்குக்கா. கழுத்துதான் ஒரு இஞ்சு எறங்கிருச்சு. பரவால்ல, கத்துக்கிற புள்ளதானே" என்றாள். நான் "ஸ்தோத்திரம்" என்றேன். பொய்க்கு ஸ்தோத்திரம் சொன்னவள் நான்.

நாற்பது நாளுக்குப் பிறகு ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து பத்து நிமிஷம் பெனிட்டா போனில் பேசுவாள். குரல் தெளிந்துகொண்டே வந்தது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்பாள். ஆனி மாதம் ஒரு ஞாயிறு, அவள் பேசிக்கொண்டிருந்தபோது மார்த்தா வீட்டுக்குள் வந்துவிட்டாள். போனை என் கையிலிருந்து பிடுங்கினாள். "ஏய் பெனிட்டா, ப்ளவுஸ் சூப்பரா தெச்சிருக்கடி! அடுத்தது பஃப் கை வெச்சு அனுப்பு, கழுத்த மட்டும் எறக்காத" என்றாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டுவிட்டது. பத்து நிமிஷம் முடிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு எடுத்ததும், "அம்மா, என்னைக் கூட்டிட்டுப் போயிரு. என்னால இங்க இருக்க முடியல" என்றாள். ஏன் என்று கேட்டால் அதையேதான் திரும்பச் சொன்னாள். இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற ரூபி அக்கா போனை வாங்கினார். "இது பூட்டி வைக்கிற எடம் இல்லம்மா. அவ மனசோட இருந்தாத்தான் உண்டு. ஆனா இப்ப, நாலாவது மாசத்துல, பாதியில போனா எனக்குப் பயமா இருக்கு. பாதியில போன புள்ளைங்க சிலபேரு திரும்பவும் அதே மாத்திரைக்குத்தான் போனாங்க. இந்த வாரம் ஜெபிச்சு முடிவு பண்ணுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நேர்ல வாங்க" என்றார்.

அந்த வாரம் நான் நடவில் நாற்றைத் தலைகீழாக நட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. கூட்டி வந்துவிடலாம் என்று காலையில் தோன்றும். கஞ்சி வடிக்கும்போது வேண்டாம் என்று தோன்றும். கூட்டி வந்தால் மறுபடி விழுவாளோ? விட்டுவிட்டால் என்னை வெறுத்துவிடுவாளோ? ஆண்டவரே, ஓர் அடையாளம் காட்டும் என்று கேட்டேன். ஒரு பல்லி கத்தினால்கூட அதுதானா என்று பார்க்கிற நிலைமை.

வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாசக் கூட்டம். அங்கே விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்போம், ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, வாசித்து ஜெபிப்பார்கள். போதையிலிருந்து விடுதலை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். 'போ' என்று எழுதினதும் கை நின்றுவிட்டது. தெரிந்துவிடுமே! அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன்: "தஞ்சாவூரில் இருக்கும் என் மகளுக்குச் சீக்கிரம் விடுதலை கிடைக்க ஜெபிக்கவும்." பேர் போடவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். எங்கள் சபையில் தஞ்சாவூரில் இருக்கிற மகள் எத்தனை பேருக்கு உண்டு?

சனிக்கிழமை சாயங்காலம் செல்வராஜும் மார்த்தாவும் வந்தார்கள். செல்வராஜ் உட்காரவில்லை.

"அண்ணி, எந்த ஜெயிலு?"

"எந்த ஜெயிலா?"

"மறைக்காதீங்க அண்ணி. சபையே பேசிக்குது. நீங்கதானே விடுதலை கெடைக்கணும்னு எழுதிக் குடுத்தீங்க? தஞ்சாவூர்லதான் வெச்சிருக்காங்களா, திருச்சிக்கு மாத்திட்டாங்களா?"

"என்ன கேஸு அக்கா?" என்று மார்த்தா என் கையைப் பிடித்தாள். "கடையில எதாச்சும் காணாம போயி புள்ள மேல போட்டுட்டாங்களா?"

செல்வராஜ் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்தார். "பட்டா, சிட்டா எல்லாம் எடுத்துட்டு வந்துட்டேன். ஜாமீன் போட நெலம் உள்ள ஆளு வேணும்பாங்க. நம்மகிட்ட மூணு மா நெலம், ஒரு ஏக்கருதான் இருக்கு. அது போதுமான்னு வக்கீலக் கேட்டுக்குவோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து அழுகையாகிவிட்டது. அண்ணன் மகள் ஜெயிலில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை குற்றம் சொல்லாமல், இருக்கிற நிலத்தின் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். இந்த மனுஷருக்குப் பயந்தா நான் நாலு மாதம் பொய் சொன்னேன்? எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, பஸ் ஸ்டாண்டு, இல்லம், எல்லாம்.

செல்வராஜ் காகிதங்களை மடித்து மறுபடி கவருக்குள் வைத்தார். பிறகு மார்த்தா, "அப்ப அந்த ப்ளவுஸு?" என்றாள்.

"கீழ்வேளூர் டெய்லரு தெச்சது."

"அதான் பாத்தேன்! கழுத்த இப்படி எறக்குறது அந்த ஆளு கைதான்." சொல்லிவிட்டு அவளும் அழுதாள். "ஜெயிலுன்னு நெனச்சே வந்துட்டோம். மாத்திரைக்கா அக்கா எங்ககிட்ட மறைச்சீங்க?"

மறுநாள் இல்லத்துக்குப் போனேன். பெனிட்டா பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பழைய களை வந்திருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"ப்ளவுஸ் தெச்சது யாரும்மா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

சொன்னேன்.

"நான் இங்க தெனமும் காலையில பதினாறு பேரு முன்னாடி எழுந்து நின்னு, என் பேரு பெனிட்டா, நான் மாத்திரைக்கு அடிமையா இருந்தேன்னு சொல்றேன். மொத மாசம் வாயே வரல. அப்புறம்தான் வந்துச்சு. நீ அங்க நான் ப்ளவுஸ் தைக்கிறேன்னு சொல்லி வெச்சிருக்க. நான் குணமாகி வந்தா எந்தப் பொண்ணா வரணும்? தையல் கத்துக்கிட்டு வந்த பொண்ணாவா? எனக்கு ஊசியில நூல்கூட கோக்கத் தெரியாதும்மா. எங்கம்மாவுக்கே நான் வெக்கமா இருந்தா, இங்க கெடந்து என்ன பிரயோஜனம்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளைப் பாதியில் கிளப்பினது அந்த இல்லம் இல்லை. நான்.

"நேத்து சொல்லிட்டேன்" என்றேன். "சித்தப்பாவுக்கும் சித்திக்கும் எல்லாம் தெரியும். சீட்டுல விடுதலைன்னு மட்டும் எழுதினேன். நீ ஜெயிலுக்குப் போயிட்டேன்னு சபையே நெனச்சுக்கிச்சு. சித்தப்பா ஜாமீன் போடப் பட்டாவ எடுத்துட்டு வந்துட்டாரு."

நிமிர்ந்து பார்த்தாள். "மூணு மாவுக்கும் பட்டாவா?"

"ஆமா. சிட்டாவும்."

அவள் சிரித்தாள். எத்தனை மாதம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன் என்று தெரியவில்லை. சிரித்து முடித்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, "பெட்டிய உள்ள வெச்சுட்டு வரேன். இருந்து சாப்பிட்டுப் போ, இன்னைக்கு என் மொறை, நான்தான் சாம்பாரு" என்று உள்ளே போனாள். ரூபி அக்கா என்னைப் பார்த்தார். நான் ஸ்தோத்திரம் என்று சொல்ல வாய் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சீட்டு எழுதவில்லை. நானே எழுந்து நின்று மகள் பேரையும் வியாதியையும் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் என்னிடம் வந்து அவரவர் வீட்டுக் கதையைச் சொன்னார்கள். இத்தனை நாள் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் தெரியாமல் ஜெபித்திருக்கிறோம்.

ஒன்பது மாதமும் முடித்து கார்த்திகையில் பெனிட்டா வீட்டுக்கு வந்தாள். இப்போது எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பால்வாடியில் சமையலுக்கு உதவியாகப் போகிறாள். தையல் கற்றுக்கொள்ளவில்லை.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று சாட்சி சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். போன மாதம் ஒருநாள் அவள் வருவதற்குத் தாமதமாகிவிட்டது. வந்து குளிக்கப் போனாள். நான் அவள் கைப்பையைத் திறந்து துழாவினேன். சீப்பு, டிபன் பாக்ஸ், குழந்தைகள் வரைந்த ஒரு காகிதம். நிமிர்ந்தால் ஈரத் தலையோடு நிற்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது.

அவள் கோபப்படவில்லை. "தேடிக்கோம்மா. இன்னும் கொஞ்ச நாளைக்குத் தேடத்தான் செய்வ. சைடு ஜிப்ப விட்டுட்டியே, அதையும் பாத்துக்கோ" என்று அவளே திறந்து காட்டினாள். அதில் ஒரு ரப்பர் பேண்டு இருந்தது.

சகோதரிகளே, தடுமாறின மகள் உங்கள் வீட்டில் இருந்தால், அவளை மறைத்து வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் உதவி கேட்காதீர்கள். எனக்கு எல்லாம் புரிந்து நான் நம்பவில்லை. குழம்பிக்கொண்டேதான் நம்பினேன், அதையும் அவர் ஏற்றுக்கொண்டார். உங்களையும் ஏற்றுக்கொள்வார். இப்போது பையைத் திறக்கத் தோன்றினால் முதலில் அவள் பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன். ஜெபித்து முடித்த பிறகும் சில நாள் திறக்கிறேன். பல நாள் திறக்காமலே எழுந்துவிடுகிறேன்.