பாதிக்கு மேல் நிற்காத டீசல்

சாம்பல் புதன் அன்று, காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வந்த ஸ்தனிஸ்லாஸ் மாமாவின் கையில் வண்டிச் சாவியை வைத்துவிட்டு அம்மாசி கிளம்பிவிட்டார்.

"நான் டீசல் எட்த்துட்டேன்னு நீ நெனச்சிக்கினு கீற. அப்பறம் இந்த சீட்ல எனக்கு இன்னா வேல நைனா?"

"நான் எப்படா அப்டி சொன்னேன்?"

"வாயத் தொறந்து சொல்லணுமா? டீசல் முள்ளப் பாக்குற, என்னப் பாக்குற, மறுபடி முள்ளப் பாக்குற. போதாதா?"

அம்மாசி பட்டினப்பாக்கம் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்த்தாரா என்று மாமா பிறகு பல முறை என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. என் கண் மாமாவின் முகத்தில்தான் இருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் மாமா என் அம்மாவின் தம்பி. சாந்தோமில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. படிப்பு ஏறவில்லை. பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டில் மர்சலின் அத்தையைக் கட்டிக்கொண்டு படகேறிப் பார்த்தார். "நாலு அலை தாண்டல, மாப்ள தின்ன இட்லிய கடலுக்கே குட்த்துட்டாரு" என்று அத்தையின் அண்ணன்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அவர் கரையிலேயே ஒரு வேலை தேடினார். பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி, ஐஸ் போட்ட மீனை அபிராமபுரம், அடையாறு, தி. நகர் கடைகளுக்குக் கொண்டுபோனார். முதல் நாளிலிருந்து ஓட்டுநர் அம்மாசிதான். அவருடைய ஆற்றோரக் குடிசையை அரசாங்கம் இடித்து நகருக்கு வெளியே அடுக்குமாடியில் குடி வைத்த பிறகும், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துகொண்டிருந்தவர்.

வண்டியை வண்டி என்று சொன்னால் மாமாவுக்குப் பிடிக்காது. அது அவருடைய படகு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, பங்குத் தந்தை வந்து மந்திரித்த பிறகு படகுகளைக் கடலில் இறக்குவார்கள். அன்று மாமாவும் பிக்கப்பை மணல் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்தி, கடல் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு ஊற்றுவார். மேலே, பக்கத்தில், குனிந்து அடியிலும் வீசி அடிப்பார். மச்சான்களின் படகுகளுக்கு நடப்பது எதுவும் தன் படகுக்குக் குறையக் கூடாது.

டீசல் குறைவதை அவர் கவனித்தது கிறிஸ்துமஸுக்குப் பிறகு. மாலையில் அம்மாசி தேனாம்பேட்டை பெட்ரோல் பங்க்கில் பெரும்பாலும் டாங்க்கை நிரப்பிக்கொண்டு வந்து தெருமுனையில் நிறுத்துவார். காலையில் முள் பாதிக்குப் பக்கத்தில் நிற்கும். சில நாட்களில் குறையாது. குறையாத நாட்கள்தான் மாமாவைக் குழப்பின. "திருடறவன் தினமும் திருடுவான் இல்ல?" என்றார். கொஞ்சம் கழித்து, "தினமும் எடுத்தா மாட்டிக்குவான். அதான்" என்றார். வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தார். மீன் வண்டியின் அடி என்றைக்குக் காய்ந்திருக்கிறது? ஐஸ் தண்ணீர் எப்போதும் ஒழுகிக்கொண்டே இருக்கும். மீன் வாடையில் டீசல் வாடை யாருக்குத் தெரியும்?

அம்மாசி போன பிறகு மாமாவே ஓட்டினார். பல ஊர் சுற்றிவிட்டு வந்திருந்த எனக்கு வீட்டில் கால் தரிக்காததால், நானும் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன். ஒருவரே ஓட்டி தி. நகர்வரை போக முடியாமல் மாமா அடையாறோடு திரும்பினார். அதனால் பாதி டாங்க்தான் போட்டார். ராத்திரியில் டீசல் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

"பாத்தியா" என்றார் அத்தையிடம். வெற்றி பெற்ற குரல் இல்லை அது. அன்று அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

"பாத்தேன். ஆள அனுப்பிட்டு நீங்க படற பாட்டயும் பாத்துக்கினுதான் கீறேன்" என்றார் அத்தை.

கறி சாப்பிடக் கூடாத பெரிய வெள்ளிக்கு மீன் கேட்டுப் பங்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். முந்தின நாள் மாலை மாமா டாங்க்கை நிரப்பினார். விடிந்து பார்த்தால் முள் பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார். தெருக்காரர்கள் மேல் சந்தேகப்பட்டு மூடிக்குப் பூட்டுப் போட்டு, மறுபடியும் நிரப்பினார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. டீசல் இறங்கியிருந்தது.

தேனாம்பேட்டை மெக்கானிக் ஜவஹர் டாங்க்கைக் கழற்றி வெயிலில் வைத்தார். இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டைக்கு அடியில், பாதி உயரத்தில், துரு தின்று பொடிப்பொடியாக ஓட்டைகள். அதற்கு மேல் நிரப்பினால் அந்த மட்டத்துக்கு வரும்வரை கசிந்துகொண்டே இருக்கும். கீழே நிரப்பினால் ஒன்றும் ஆகாது; அம்மாசி முழுக்க நிரப்பாத நாட்களில் குறையாததும் அதனால்தான்.

"இன்னா நைனா, கடல்லயா ஓட்டுனே? இவ்ளோ உப்பு!"

மாமா வாளிக் கதையைச் சொல்லவில்லை. "படகுக்கு ஒட்டற ஃபைபர் வச்சி அடைச்சிடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஒட்டு. அப்டியே துடுப்பும் வாங்கிக்க. புது டாங்க் போடு நைனா."

"இது எப்பலேர்ந்து ஒழுகுது ஜவஹர்? கிறிஸ்துமஸ்லேர்ந்தா? சாம்பல் புதனுக்கு அப்பறமா?"

"துரு இன்னா பொறந்த தேதி எழுதிக்கினா வருது? முன்னாடியே இருந்திருக்கலாம். இப்பவும் வந்திருக்கலாம். நான் எப்டி சொல்றது?"

அந்தப் பதில் மாமாவைத் தூங்கவிடவில்லை. கடைசியில் ஓட்டை டாங்க்கின் படத்தை அம்மாசிக்கு அனுப்பச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். "டேய் அம்மாசி, தப்பு என்னுதுடா. வந்துடு." பிறகு, "தப்பு என்னுதுதான்னு நெனைக்கிறேன்னு மாத்து" என்றார். அப்புறம் பழையபடியே போடச் சொன்னார். அம்மாசி படித்துவிட்ட அடையாளம் அன்றே வந்தது. பதில் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. கோடை போயிற்று, தடைக்காலம் போயிற்று. படகுகள் இறங்கிய நாளில் மாமா வண்டியைக் கரைக்குக் கொண்டுபோகவில்லை. மச்சான்கள் கேட்டதற்கு இடுப்பு வலி என்றார்.

மழையெல்லாம் ஓய்ந்து, வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம் மாமாவின் போன் சத்தம் போட்டது. ஏணியில் நின்றபடியே என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். ஏணியிலிருந்து இறங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தானே ஒரு முறை படித்தார்.

"நைனா, நான் அம்மாசி. இப்போ வேற ஒர்த்தர்கிட்ட பிக்கப் ஓட்டிக்கினு கீறேன். காய்கறி லோடு. இங்கயும் டீசல் கொறையுது. ஓனரு முள்ளப் பாக்குறாரு, என்னப் பாக்குறாரு. உன் டாங்க்குல ஓட்ட எந்த எட்த்துல இருந்திச்சி? நீ அனுப்புன போட்டோ சரியா தெர்ல. இன்னோர் தபா அனுப்பு."